ஆறாவது சென்டர் பேரிங்

கூடப் பிறந்தவள் கையால் தினமும் ஒரு வேளை சூடாகச் சாப்பிடுவதற்கு விலையே கிடையாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் கடை வைத்து நடத்தாதவர்கள். விலை உண்டு ஐயா. இருநூற்று எண்பது. ஏழு மாதத்துக்கு ஒருமுறை.

எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் யாரும் எதையும் வாங்கியதில்லை. அப்பா பழைய உதிரிப் பாகங்கள் வாங்கி விற்றவர். பல் வலிக்குப் போனால்கூட, இரண்டு பல்லாகப் பிடுங்கினால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவருக்குப் பிறகு கடை எனக்கு வந்தது. முன்பக்கம் உதிரிப் பாகம், பின்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி சின்னதாக ஒரு பட்டறை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் தரகரிடம் நான் கேட்ட கேள்விகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது இரண்டு தெரு தள்ளி. மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் எங்களுக்குள் பகை என்று கதை கட்டக் கூடாது. ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்குவது அவர் தொழில். இருபது வருடத்துப் பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார். பின்னால் மரச்சட்டம் அடித்து, நடுவில் கம்பளி திணித்து, கண்ணாடிகளை நிறுத்தி வைத்துக் கொண்டுபோவார். அந்த வண்டியைக் கழுவுகிற அக்கறையில் பாதி இருந்தால் நான் என் கடையில் தூசி தட்டியிருப்பேன்.

தினமும் ஒரு மணிக்கு நான் கடையை இழுத்துச் சாத்திவிட்டு அங்கே போவேன். தங்கை தட்டு வைப்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, தெருவில் யார் யாரோடு சண்டை என்று சொல்வாள். அவ்வளவுதான் என் சொத்து. வரி கட்டாத சொத்து.

ஒருநாள் மாப்பிள்ளை வண்டியோடு கடைக்கு வந்தார்.

"மச்சான், கண்ணாடி பாடுது" என்றார்.

"என்ன பாட்டு மாப்பிள்ளை?"

"நின்ன எடத்துலேருந்து எடுக்கறப்ப ஒரு உதறல். அப்புறம் வேகம் புடிச்சா ம்ம்முனு ஒரு முனகல். பின்னாடி இருக்கற கண்ணாடி அத்தனையும் சேர்ந்து பாடுது. நேத்து ரெண்டு விரிஞ்சிருச்சு."

பள்ளத்தில் இறங்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சென்டர் பேரிங். உங்களுக்கு வண்டி பழக்கம் இல்லை என்றால் சொல்கிறேன். எஞ்சின் முன்னால் இருக்கிறது, அது சுழற்ற வேண்டிய சக்கரம் பின்னால் இருக்கிறது. நடுவில் நீளமாக ஒரு தண்டு. நீள வண்டியில் அதை ஒரே துண்டாகப் போட்டால் ஆடும் என்பதால் இரண்டு துண்டு. இரண்டும் சேருகிற இடத்தில் அடிச்சட்டத்திலிருந்து ஒரு பிடி தொங்கும். பிடிக்குள் ரப்பர் வளையம், வளையத்துக்குள் பேரிங். தண்டின் நடு முதுகைத் தாங்குவது அதுதான். ரப்பர் கிழிந்தால் தண்டு உதறும். கிழிந்துதான் இருந்தது.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. தண்டைக் கழற்று, பழையதைத் தட்டி எடு, புதியதை அழுத்தி ஏற்று, திரும்ப மாட்டு. ஒரே ஒரு ஒழுங்குதான். இரண்டு துண்டும் பல்லோடு பல் கோர்த்துச் சேருகின்றன. எந்தப் பல்லில் இருந்ததோ அதே பல்லில் போய் உட்கார வேண்டும். அப்போதுதான் இரு முனைகளிலும் பிளந்து நிற்கிற கவட்டைகள் ஒரே நேரில் நிற்கும். ஒரு பல் தள்ளினாலும் தண்டு சுற்றும்போது இழுத்து இழுத்துத் துள்ளும். அந்தத் துள்ளல் முழுவதையும் வாங்கிக்கொண்டு பேரிங் சீக்கிரம் சாகும். அதனால் கழற்றுவதற்கு முன்பே பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்து இந்தத் துண்டில் ஒரு புள்ளி, அந்தத் துண்டில் ஒரு புள்ளி தட்டி வைத்துக்கொள்வோம். மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் முடிந்தது. எங்கள் தொழிலில் புள்ளியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுகிறவன்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். புள்ளியை அப்படிக்கூடப் பார்க்க மாட்டோம்.

அன்றைக்கு நான் புள்ளி வைக்கவில்லை. உளியைக் கையில் எடுத்தேன், அது உண்மை. மாப்பிள்ளை பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து சொன்னார்.

"மச்சான், துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கம்பெனி. மாசாமாசம் நிலையான ஓட்டம். வீடும் தர்றாங்களாம். ரெண்டு மாசத்துல கெளம்பலாம்னு இருக்கோம். ஒங்க தங்கச்சிதான் ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிக்கிறா."

"இதுல முழிக்க என்ன இருக்கு" என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்டைக் கழற்றினேன்.

அது தவறுதான், திட்டம் இல்லை. அந்த ஒரு நாளுக்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். வேலை முடிந்து மாப்பிள்ளை பணம் எடுத்தார். பேரிங்குக்கு அடக்க விலை மட்டும் வாங்கிக்கொண்டேன், கூலி வேண்டாம் என்றேன். வெட்கப்பட்டார். தங்கை அன்றைக்குத் தட்டில் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகவே வைத்தாள்.

வண்டி ஓடியது, ஆனால் லேசாக முனகிக்கொண்டே ஓடியது. கம்பெனிக்காரர்கள் ஒரு சுமை கொடுத்துப் பார்த்தார்கள். நாற்பது கண்ணாடியில் ஆறு விரிசல். வண்டியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழாவது மாதம் பேரிங் போய்விட்டது. மறுபடியும் பள்ளத்தில் இறங்கினேன். கழற்றுவதற்கு முன்பே கவட்டையைப் பார்த்தேன். ஒரு பல் தள்ளி நின்றது. என் கை.

விளக்கை நெருக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தேன். மேலே மாப்பிள்ளையின் செருப்பு தெரிந்தது. சரியான பல்லில் மாட்டினால் வண்டி பாடாது. பாடாவிட்டால் கம்பெனி கூப்பிடும். கம்பெனி கூப்பிட்டால் ஒரு மணிக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். தெருமுனைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே எதிரில் சுவர்தான் உட்கார்ந்திருக்கும்.

உளியை எடுத்தேன். தவறிப்போன அந்தப் பல்லிலேயே, இரண்டு துண்டிலும், நல்ல ஆழமாக இரண்டு புள்ளி வைத்தேன். வண்டியோடு வந்த பழைய குறி ஒன்று கிரீஸுக்கு அடியில் இருந்தது, அதை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டேன். புதுப் பேரிங் போட்டேன். புள்ளிக்குப் புள்ளி மாட்டினேன். இனிமேல் இந்த வண்டியை எந்தக் கெட்டிக்காரன் தொட்டாலும் என் தவற்றை என்னைவிடச் சுத்தமாகச் செய்வான்.

ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பேனாவில் மை இல்லையா?

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. என்ன நடந்தது என்று பாருங்கள். வண்டி ஓடியது. உள்ளூர்ச் சுமைக்கு அது போதும், மாப்பிள்ளைக்குப் பிழைப்பு கெடவில்லை. ஏழு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வருவார், நான் சிரித்த முகத்தோடு பள்ளத்தில் இறங்கி வேலை பார்ப்பேன். ஊரில் எந்த மச்சான் இப்படிச் செய்வான் என்று தெருவே பேசியது. தங்கைகூட ஒருநாள், மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்து சாப்பிடும்போது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, நீ தனியா ஆயிடுவேன்னுதான் அந்த வண்டி ஊரைத் தாண்ட மாட்டேங்குதோ என்னவோ."

"வண்டிக்கு இருக்கற பாசம் ஒனக்கு இருக்கா?" என்றேன்.

மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது தடவை வந்தபோது மாப்பிள்ளை புதிதாக ஒரு குறை சொன்னார். அடியில் டங் டங் என்று இடிக்கிறதாம். பார்த்தேன். தண்டுக்குக் கீழே இரும்புப் பட்டையில் ஒரு வளையம் உண்டு. தண்டு எப்போதாவது கழன்றால் தரையில் விழாமல் ஏந்திக்கொள்வதற்காக வண்டிக் கம்பெனியே போட்டது. என் தண்டு துள்ளித் துள்ளி அதில் போய் இடித்துக்கொண்டிருந்தது. சத்தம் வந்தால் மனிதர் நாலு பேரைக் கேட்பார். நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். வளையத்தைக் கழற்றிவிட்டேன். சத்தம் நின்றது.

"என்ன மச்சான் பண்ணீங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

"தேவையில்லாத ஒரு இரும்பு. எடுத்துட்டேன்."

"ஒங்க கைராசியே தனி."

அந்த வளையம் என் கடையில் மூன்றாவது அலமாரியில், பழைய இரும்பு என்று எழுதின பெட்டியில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். எடைக்குப் போடவில்லை.

அதற்கப்புறம் ஒருமுறை எனக்குத் தெரியாமல் வேறு இடத்துக்குப் போனார். பஸ் டெப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரை டெப்போக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வழுக்கைத் தலை, வண்டியிடம் பேசிக்கொண்டே வேலை செய்வார். என்னை அடிக்கடி பள்ளத்தில் இறக்குவதற்கு வெட்கப்பட்டு மாப்பிள்ளை அவரிடம் போயிருக்கிறார். பேரிங்கும் வேறு கடையில் வாங்கியிருக்கிறார், மலிவுச் சரக்கு. நாலே மாதம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் வந்தார், கூடவே டெப்போக்காரரும் வந்தார். தன் வேலைக்குப் பழி வரக் கூடாது என்கிற ரகம்.

"நான் புள்ளிக்குப் புள்ளி வெச்சுத்தான் மாட்டினேன் தம்பி" என்றார். "எவன் வெச்ச புள்ளியோ, நல்லா ஆழமா, சுத்தமா வெச்சிருக்கான்."

"நான்தான் வெச்சேன்."

"கை சுத்தம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கு இத்தனை வருடத் தொழிலில் கிடைத்த ஒரே நற்சான்று அது. இன்றுவரை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்படியே மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. கடைசியாக ஒருநாள் மாப்பிள்ளை கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மச்சான், ஒரு சென்டர் பேரிங் மட்டும் குடுங்க."

"வண்டி எங்க?"

"டெப்போக்காரர்கிட்ட நிக்குது. எத்தனை தடவைதான் ஒங்களை அந்தப் பள்ளத்துல எறக்குறது. சரக்கு ஒங்களோடது, கை அவரோடது. இந்தத் தடவை அந்தக் கம்பெனி மறுபடியும் கூப்பிட்டிருக்கான். பாடினாலும் பரவாயில்லைன்னு போயிடப் போறேன். கொஞ்ச நாள் சுமை அடிச்சுப் பழகிட்டு, அப்புறம் வீட்டைக் காலி பண்ணிக்கலாம். ஒங்க தங்கச்சியும் சரின்னுட்டா."

"அவளே சொன்னாளா?"

"நேத்து ராத்திரி சொன்னா. அண்ணன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது, நீங்களே சொல்லிடுங்கன்னா."

அந்த இடத்தில்தான் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்பீர்கள் என்று தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று. நானும் யோசித்தேன். சொல்வதற்கு இரண்டே வாக்கியம்தான்: புள்ளியைப் பார்க்காதீர்கள், கவட்டையைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். ஆனால் அதைச் சொன்னால், அந்தப் புள்ளி ஏன் வந்தது என்று மூன்றாவது வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு ஒரு மணிக்கு எனக்கு யார் தட்டு வைப்பார்கள்? விலை கட்டுப்படியாகவில்லை. அதோடு, வழக்கம்போல ஏழு மாதம் ஓடும், அதற்குள் ஏதாவது ஒரு சாக்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அலமாரியில் இருந்ததிலேயே நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். இருநூற்று எண்பதை எண்ணி வைத்தார். பெட்டியைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்து எடுத்துப் போனார்.

என் கணக்கில் விட்டுப்போனது அந்தப் பாதை. உள்ளூரில் அரைமணி நேர ஓட்டம். துறைமுகத்துக்கு முழு நாள் ஓட்டம், நடுவில் மலை இறக்கம். ஏழு மாதத் துள்ளலைத் தண்டு ஏழு வாரத்தில் துள்ளித் தீர்த்துவிட்டது. அன்றைக்கு வண்டியில் வீட்டுச் சாமான் முழுக்க ஏற்றியிருந்தார், கூடவே ஒரு சுமை கண்ணாடியும். தங்கை மறுநாள் பஸ்ஸில் போவதாக இருந்தது. இறக்கத்தில் பேரிங் பிளந்து, தண்டின் நடு முதுகு கீழே தொங்கி, சுற்றுகிற வேகத்தில் பக்கத்தில் ஓடிய பிரேக் குழாயை அறுத்திருக்கிறது. ஏந்திக்கொள்ள அடியில் எதுவும் இல்லை. அது ஏன் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தகவல் வந்தபோது மணி ஒன்று. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலி செய்த வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு தட்டும் ஒரு பாத்திரமும்தான்.

எல்லாக் காரியத்தையும் நான்தான் முன்னால் நின்று செய்தேன். தங்கையை என் கடைக்கு மேல் மாடி அறைக்குக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது எனக்கு இரண்டு தெரு நடக்கிற வேலைகூட இல்லை. ஒரு மணிக்குப் படி ஏறினால் போதும். தட்டு வைப்பாள். எதிரில் உட்காருவதில்லை, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். தெருக்கதை சொல்வதில்லை. துக்கம் ஆறினால் சொல்வாள் என்று இருந்தேன்.

அப்போதுதான் வண்டியைச் சோதித்த பொறியாளரின் அறிக்கை வந்தது. நகத்தில் அழுக்கில்லாத பிள்ளை. என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? தண்டின் அடையாளப் புள்ளிகள் துல்லியமாகப் பொருந்தியிருந்தனவாம். பொருத்தியதில் குறை ஏதும் இல்லையாம். ஆகவே பேரிங் தரக்குறைவானது, போலிச் சரக்காக இருக்க வாய்ப்பு உண்டு, விற்ற கடையை விசாரிக்கலாம்.

தங்கை அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, அவருக்கு நீ டூப்ளிகேட்டா குடுத்த?"

கேட்டீர்களா ஐயா. அடக்க விலைக்குக் கொடுக்கிறான், அதனால் மட்டச் சரக்கைத் தள்ளிவிட்டிருப்பான் என்றுதானே யாருக்கும் தோன்றும். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு திருகாணி போலி என்று எவனும் திரும்பி வந்ததில்லை. அவள் மாடிப்படியில் என்னைத் தாண்டிப் போகும்போது புடவையை ஒதுக்கிக்கொண்டு போனாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மொத்த வியாபாரியின் ரசீதுகள் ஆறும் இதோ. ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை இருக்கிறது. அந்தப் பேரிங் நல்ல பேரிங். தவறான பல்லில் ஏழு வாரம், மலைப்பாதையில், முழுச் சுமையோடு தாங்கியிருக்கிறது. மட்டச் சரக்காக இருந்தால் ஏழு நாள்கூடத் தாங்காது. அந்தப் பிள்ளையை மறுபடி கூப்பிட்டு, புள்ளியை விட்டுவிட்டுக் கவட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளியிருக்கும். டெப்போக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாப்பிள்ளை செத்தது என் புள்ளியாலும், நான் எடுத்த வளையத்தாலும். என் சரக்கால் இல்லை. இதைத் தங்கைக்குப் புரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணக்கையும் முடித்துவிடுகிறேன், அவளிடம் காட்டுவதற்கு. பேரிங் ஆறு, தலா இருநூற்று எண்பது, ஆக ஆயிரத்து அறுநூற்று எண்பது. அவர் அவ்வப்போதே கொடுத்துவிட்டார், பாக்கி இல்லை. என் கூலி ஐந்து தடவை, தள்ளுபடி. வழியில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தது இரண்டு தடவை, தள்ளுபடி. மாடி அறைக்கு வாடகை, கேட்கப் போவதில்லை. பேரிங் கம்பெனி தரும் உத்தரவாதம் ஆறு மாதம். முதல் ஐந்தும் அதைத் தாண்டி ஓடிவிட்டன. ஆறாவது மட்டும் உத்தரவாதத்துக்குள் போயிருக்கிறது. தவறாக மாட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பதால் கம்பெனி தராது. நட்டை முறுக்கியது டெப்போக்காரர் என்றாலும், தவறாக மாட்டியது நான்தான். அது என் பொறுப்பு, தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆக, என் தங்கைக்கு நான் தர வேண்டியது: சென்டர் பேரிங் ஒன்று. கொண்டுவந்திருக்கிறேன், புதுசு, பிரிக்காத பெட்டி. பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து மட்டும் அவளிடம் வாங்கிவிடுங்கள்.